நாலு குடை அகலம்

மார்ச் 11, புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, நகராட்சிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் உள்ள தணிக்கைப் பிரிவில், மன்ற உறுப்பினர்கள் ஐந்து பேரின் பயணச் செலவுக் கோப்பு ஏற்கப்பட்டது. ‘பயண அறிக்கை இணைக்கப்பட்டுள்ளதா?’ என்ற கேள்விக்கு எதிரே, ‘ஆம்’ என்ற கட்டத்தில் பச்சை மையில் ஒரு டிக் இருந்தது.

பச்சை மை கமாவுடையது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பெரிய ஒப்பந்தக்காரரின் பில்லில் தொகைக்கு நடுவே கமா விட்டுப்போயிருக்கிறது என்று அவள் திருப்பி அனுப்பினாள். ஒப்பந்தக்காரர் வந்து கத்தினார், கெஞ்சினார், கடைசியில் கமா போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து வாசல் காவலாளி முதல் ஆணையர் வரை எல்லோருக்கும் அவள் கமாதான். வெளியே சலித்துக்கொள்வாள், உள்ளுக்குள் அந்தப் பட்டத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே முக்காலுக்கு அவளுடைய மேசைத் தொலைபேசி அடித்தது. கீழ்த்தளத்து நூலகத்திலிருந்து நாத்தனார். கணவனின் தங்கை, நூலகத்துக்கு அவள்தான் பொறுப்பு. வீட்டில் இருவருக்கும் ஆகாது என்று சொல்வதற்கில்லை, ஒரு நாளும் வாய் ஓயாது, அவ்வளவுதான்.

"அண்ணி, கொஞ்சம் கீழ வாங்களேன். ஒரு வேடிக்கை காட்டறேன்."

"எனக்கு இங்க தலைக்கு மேல வேலை. போன்லயே சொல்லு."

"போன்ல சொன்னா ருசிக்காது. படி இறங்கி வாங்க, உங்க முட்டிக்கும் நல்லது."

நகராட்சி அச்சிடும் எந்த அறிக்கையிலும் ஒரு பிரதி நூலகத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. வேறு யாராக இருந்தாலும் முத்திரை குத்தி அலமாரியில் செருகிவிடுவார்கள். நாத்தனார் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தைக்கூடப் படிக்காமல் விடாத ரகம். அவள் மேசைமேல் இரண்டு புத்தகங்கள் விரித்தபடி கிடந்தன. ஒன்று பளபளப்பான நீல அட்டை போட்ட பயண அறிக்கை. அட்டையில் ஐந்து உறுப்பினர்களும் கடலைப் பார்த்து நின்றார்கள். மற்றொன்று முதுகில் டேப் ஒட்டிய, பழுப்பேறிய சின்னப் புத்தகம். உறுப்பினர்கள் போய்வந்த அதே கடலோர நகரத்தின் மழைநீர் வாய்க்கால்களைப் பற்றியது. பத்தொன்பது வருடங்களுக்கு முன் அந்த நகரத்தில் அளவையாளராக இருந்த ஒரு பெண்மணி சொந்தச் செலவில் அச்சிட்டது.

"இதுல பதினாலாம் பக்கம். அதுல அம்பத்தி மூணாம் பக்கம். ரெண்டையும் சேர்த்துப் படிங்க."

கமா இரண்டிலும் ஒவ்வொரு விரலை வைத்துக்கொண்டு படித்தாள். விரல்கள் ஒரே வேகத்தில் நகர்ந்தன. அடுத்த பக்கம். அதற்கடுத்த பக்கம். வரிக்கு வரி, மூச்சுக்கு மூச்சு ஒன்று. ஓர் அட்டவணை வந்தது. வாய்க்காலின் அகலம்: நாலு குடை. ஆழம்: ஒன்றரைக் குடை. சந்தை வளைவு வரை நீளம்: முந்நூற்றுப் பத்துக் குடை.

"இது என்ன குடை?"

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நூலகத்தில் சத்தம் போடக் கூடாது என்று அவள்தான் பலகை எழுதி வைத்திருந்தாள். பழைய புத்தகத்தின் முன்னுரையைப் புரட்டிக் காட்டினாள். ‘என் அளவு நாடா முதல் மழையிலேயே துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது. அதன்பின் எல்லாவற்றையும் என் குடையால் அளந்தேன். குடையின் நீளம் தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர். வாசகர்கள் கணக்கிட்டுக்கொள்ளவும்.’

"காப்பியடிச்ச ஆளு நேரா மூணாவது அத்தியாயத்துல குதிச்சிருக்கான், அண்ணி. முன்னுரைப் பக்கமே போகல. அட்டையில அஞ்சு பேரு நிக்கறாங்க, ஒருத்தர் கையிலயாவது குடை இருக்கா பாருங்க. அது போகட்டும், பின் அட்டையைத் திருப்புங்க."

பின் அட்டையில் கொட்டை எழுத்தில் இருந்தது: ‘அனைத்து உரிமைகளும் நகராட்சிக்கே. எழுத்துபூர்வ அனுமதியின்றி இதன் எந்தப் பகுதியையும் எடுத்தாளக் கூடாது.’

கமாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாதியில் நின்றது. பச்சை டிக் ஞாபகம் வந்துவிட்டது.

விதி பதினேழு அவளுக்கு மனப்பாடம். உறுப்பினர்கள் தாங்களே கண்டு, தாங்களே எழுதிய அறிக்கை இருந்தால்தான் பயணச் செலவை நகராட்சி ஏற்கும். புதன்கிழமை அவள் அறிக்கையைக் கையில் எடுத்தாள். கனமாக இருந்தது. டிக் போட்டாள். ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. இன்று மூன்று மணிக்கு மன்றக் கூட்டம். ஆறாவது பொருள் இந்த அறிக்கை. மன்றம் ஏற்றுவிட்ட கோப்பைத் தணிக்கைப் பிரிவு திரும்பத் தொட முடியாது. வாக்கெடுப்புக்கு முன் தன் ஒப்புதலைத் திரும்பப் பெற்றால்தான் உண்டு. அப்படித் திரும்பப் பெற்றால், ‘ஏன் முதலில் ஒப்புதல் கொடுத்தாய்?’ என்று அவள்மேலேயே விசாரணை வரும். உதவித் தணிக்கையாளர் பதவிக்கு அவள் பதினேழு வருடமாகக் காத்திருக்கிறாள். திங்கட்கிழமை பட்டியல் போகிறது. பட்டியலில் இருப்பது ஒரே பெயர், அவளுடையது.

"என்ன அண்ணி, எங்க கிளம்பறீங்க?"

"அந்தப் புத்தகத்தை யாருக்கும் கொடுத்துடாதே. இதோ வந்துடறேன்."

படியேறும்போது குப்பை லாரி ஓட்டுநர் எதிரே இறங்கி வந்தார். கையில் அவள் திருப்பி அனுப்பிய பஸ் கட்டணப் படிவம்.

"கமாக்கா, மூணாவது தடவையும் போட்டுட்டேன். இப்பவாச்சும் பாஸாகுமா?"

"டிக்கெட்ல தேதி தெரியலையே, அண்ணே."

"வேர்த்த சட்டைப் பையில கெடந்தா அழியாதா? பஸ்ல ஏறினது நானு, நின்னுக்கிட்டே போனது நானு, இறங்கினது நானு. சாட்சிக்கு கண்டக்டரைக் கூட்டிட்டு வரவா?"

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒரு பஸ் டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்து மூன்று நாள் பார்த்தவள், ஐந்து பேரின் மூன்று இரவு விடுதிச் செலவை எடை பார்த்து விட்டிருக்கிறாள். மீதிப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள்.

தலைமைத் தணிக்கையாளர் அவள் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"டிக் போட்டது யாரு?"

"நான்தான் சார்."

"பட்டியல் இந்த டிராயர்ல இருக்கும்மா. விசாரணையில இருக்கறவங்க பேரை அனுப்பக் கூடாது. அந்த விதியை எனக்கு எடுத்துக் காட்டினதே நீதான்."

"ஞாபகம் இருக்கு சார்."

"லைப்ரரில தூங்கற புத்தகம். யாரு கவனிக்கப் போறா?"

"நான் கவனிச்சுட்டேனே சார்."

அவர் சன்னலைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "குறிப்பை எழுது. ஆனா வெறுங்கையோட போனா உன்னை வறுத்தெடுத்துருவாங்க. அசல் பக்கமும் அறிக்கைப் பக்கமும் ஜோடி ஜோடியா இருக்கணும். ரெண்டு பக்கம்னா மேற்கோள்னு சொல்லித் தப்பிச்சுருவாங்க, அத்தியாயம் முழுசும் வேணும். ரெண்டே முக்காலுக்குள்ள கொண்டா, கையெழுத்துப் போடறேன்."

பச்சை மையில் பதினொரு வரி எழுதினாள். இந்த அவசரம் பயத்தால் என்று அவளே நினைத்தாள். நூலகத்துக்கு இறங்கும்போதுதான் தெரிந்தது, பயம் இல்லை. பள்ளியில் ஓட்டப்பந்தயக் கோட்டில் காலை வைக்கும்போது வந்த அதே படபடப்பு. எத்தனை வருடமாயிற்று!

மணி ஒன்று பத்து. "சீக்கிரம், மூணாவது அத்தியாயம் மொத்தமும் ஜெராக்ஸ் போடு. இருபத்திரண்டு பக்கம்."

நாத்தனார் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். "முடியாது."

"என்னது?"

"பத்துப் பக்கத்துக்கு மேல நகல் எடுக்கணும்னா எழுதினவங்க சம்மதம் வேணும். சுவத்துல ஒட்டியிருக்கேன் பாருங்க. புத்தகமும் இந்த அறையை விட்டு வெளிய போகாது. ஒரே பிரதி."

"அடிப்பாவி! அவங்க மொத்தத்தையும் அள்ளிக்கிட்டுப் போயிருக்காங்க, நீ எங்கிட்ட பக்கத்தை எண்ணறியா?"

"அவங்க கேக்காம எடுத்தாங்கன்னுதானே நீங்க குறிப்பு எழுதிட்டு வந்திருக்கீங்க? நீங்களும் கேக்காம எடுத்தா அந்தக் குறிப்பை யாரு எழுதறது, நானா?"

பன்னிரண்டு வருடமாக மற்றவர்கள் தன் முன்னால் நின்று விழித்த விழியைக் கமா முதன்முதலாகத் தானே விழித்தாள்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியவரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருந்தன. பத்தொன்பது வருடத்துப் பழைய எண். அடித்தார்கள், அப்படி ஓர் எண்ணே இல்லை என்று பதிவுக் குரல் சொன்னது. "இருங்க, அந்த ஊர்ல எல்லா நம்பருக்கும் முன்னாடி ஒரு ரெண்டு சேர்த்தாங்க" என்று நாத்தனார் எங்கோ படித்ததைச் சொன்னாள். இரண்டைச் சேர்த்து அடித்தார்கள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. துண்டித்துவிட்டு மறுபடி அடித்தார்கள். ஒன்று நாற்பது.

"யாரு? மாடியிலேர்ந்து ஓடி வந்திருக்கேன். ஏதாவது விக்கறதுன்னா இப்பவே வெச்சிடுங்க."

"விக்கலம்மா. நீங்க எழுதின வாய்க்கால் புத்தகம் விஷயமா..."

"அதை யாரு படிச்சா?"

கமா சொன்னாள். நகராட்சி, ஐந்து உறுப்பினர்கள், நீல அட்டை, மூன்று மணி.

"அஞ்சு பேரா! திருடற அளவுக்கு நல்லாவா இருக்கு?" கமா அந்தக் குரலில் கோபத்தைத் தேடினாள், சந்தோஷம்தான் துள்ளியது.

"முன்னுரையை மட்டும் விட்டுட்டாங்கம்மா."

"ஐயையோ! அது இல்லாம குடை எப்படிப் புரியும்?" இப்போது வந்தது கோபம். "கொஞ்சமாவது அறிவு வேண்டாமா? எந்த வாய்க்காலைப் போட்டிருக்காங்க?"

"பழைய சந்தைக்குப் பின்னாடி ஓடறது."

"நல்லாச் சொன்னீங்க போங்க. அதை மூடி ஏழு வருஷம் ஆச்சு. மேல ரோடு போட்டாச்சு. நான் தினம் அது மேல நின்னுதான் பஸ் ஏறறேன்."

கமா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "இதை எழுதித் தருவீங்களா? நகல் எடுக்க சம்மதமும் சேர்த்து?"

"தர்றேன். ஆனா ஒண்ணு. அந்தச் சபையில என் பேரை சத்தமா வாசிக்கணும். நூத்தம்பது பிரதி போட்டேன், இன்னும் நூறு கட்டிலுக்கடியில கெடக்கு."

"வாசிக்க வைக்கறேன்."

சம்மதக் கடிதம் அந்த அம்மாவுடைய மருமகளின் கைப்பேசி வழியாகப் படமாக வர இரண்டு இருபது ஆகிவிட்டது. முதல் படத்தில் பாதி கட்டைவிரல். இரண்டாவது தெளிவாக இருந்தது, அதை அச்செடுத்தார்கள். நகல் இயந்திரம் ஒன்பதாம் பக்கத்தில் தாளைக் கவ்விக்கொண்டு நின்றது. நாத்தனார் அதன் வயிற்றைத் திறந்து தாளை உருவினாள். கை முழுக்கக் கரி. இருபத்திரண்டாவது தாள் சூடாக வெளியே விழுந்தபோது மணி இரண்டு முப்பத்தெட்டு. மின்தூக்கியில் ‘பழுது’ அட்டை.

"ஓடுங்க அண்ணி! முட்டியைப் பத்தி நாளைக்குக் கவலைப்படலாம்!"

ஓடினாள். இரண்டாம் மாடியில் தலைமைத் தணிக்கையாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வராந்தாவிலேயே நின்றிருந்தார். சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். இருவரும் மூன்றாம் மாடிக்கு ஏறினார்கள்.

மன்ற அறைக் கதவை அவள் திறந்தபோது ஒலிபெருக்கியில் ஏற்கெனவே ஒரு குரல் முழங்கிக்கொண்டிருந்தது. பயணக் குழுவின் தலைவர். மைக்கைப் பிடித்தால் விடமாட்டார் என்பதால் ஊரே அவரை மைக் அண்ணன் என்றுதான் சொல்லும். நான்கரை மணிக்கு அவருக்கு ரயில். அதனால் கூட்டத்தை இரண்டரைக்கே தொடங்கி, ஆறாவது பொருளை முதலாவதாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

"...ஆகவே, இந்த அறிக்கையை ஒருமனதாக ஏற்றுக்கொள்ளும்படி கேட்டு அமர்கிறேன்."

"வாக்கெடுப்புக்கு விடலாமா?" என்றார் மன்றத் தலைவி.

தணிக்கைப் பிரிவினருக்குக் கடைசி பெஞ்சு. கேட்டால் ஒழியப் பேசக் கூடாது. ஆனால் நடக்கக் கூடாது என்று விதி இல்லை. கமா நடந்தாள். நாற்பது தலைகள் திரும்பின. மூச்சிரைப்பை அடக்கிக்கொண்டு நடுப்பாதை முழுதும் கடந்து, தாள் கட்டைத் தலைவியின் முன் வைத்தாள்.

தலைவி நிதானமாகப் படித்தார். ஒரு தாளைப் புரட்டினார், இன்னொன்றை. அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"உறுப்பினருக்கு ஒரு கேள்வி. பதினாலாம் பக்கத்துல வாய்க்கால் அகலம் நாலு குடைன்னு இருக்கு. ஒரு குடைங்கறது எவ்வளவு?"

மைக் அண்ணன் எழுந்தார். "அது... அது ஒரு இன்ஜினியரிங் அளவு, மேடம்."

"அந்த ஊர் அளவு" என்றார் பக்கத்தில் இருந்த உறுப்பினர்.

"மீட்டரை விடக் கொஞ்சம் பெருசு" என்றார் மூன்றாமவர்.

"மடக்குக் குடையா, நீட்டுக் குடையா?" பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள். அறை குலுங்கியது.

தலைவி மணியைத் தட்டினார். "அந்த வாய்க்காலை நீங்க நேர்ல பார்த்தீங்களா?"

"பார்த்ததா? இறங்கியே பார்த்தோம், மேடம். எங்க கால்ல சேறு."

"அது ஏழு வருஷமா ரோட்டுக்கு அடியில இருக்கு. மேல பஸ் ஓடுது." அவர் கடிதத்தை உயர்த்திப் பிடித்து, எழுதியவரின் பெயரையும் புத்தகத்தின் பெயரையும் சத்தமாக, நிறுத்தி வாசித்தார். குறிப்பெடுப்பவர் எழுதிக்கொள்ளட்டும் என்று இன்னொரு முறையும் வாசித்தார்.

சிரிப்பு அடங்கியிருந்தது. மைக் அண்ணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "அறிக்கையை நான் எழுதல, மேடம். ஒருத்தர் தயார் பண்ணிக் கொடுத்தார்."

"நேர்ல கண்டு எழுதினோம்னு கையெழுத்துப் போட்டது?"

மைக் அண்ணன் பழைய ஆள். தாக்குவதற்கு வேறு இடம் தேடினார், கிடைத்தது. "சரி மேடம், ஒத்துக்கறேன். ஆனா இதே அறிக்கைக்கு புதன்கிழமை டிக் போட்டது யாரு? ஊருக்கெல்லாம் கமா பார்க்கற தணிக்கைப் பிரிவுதானே? அப்ப கண்ணு எங்க போச்சு?"

தலைவி கமாவைப் பார்த்தார். "பதில் சொல்லலாம்."

அவளிடம் மைக் இல்லை. தேவைப்படவும் இல்லை. "நான்தான் டிக் போட்டேன். படிக்காம போட்டேன். அறிக்கை கனமா இருந்துச்சு, அதுக்குள்ள ஏதோ இருக்கும்னு நெனச்சேன். அது என் தப்பு. குறிப்புல முதல் வரியா அதைத்தான் எழுதியிருக்கேன்."

உண்மையாகவே முதல் வரி அதுதான். தலைவி அதையும் வாசித்தார்.

வாக்கெடுப்பு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. ஆதரவு ஐந்து, எதிர்ப்பு முப்பத்தொன்று. மைக் அண்ணன் நான்கரை மணி ரயிலைப் பிடிக்கவில்லை. வராந்தாவில் நாத்தனார் கரிக் கையோடு நின்றிருந்தாள். கமாவைப் பார்த்ததும் அப்படியே கட்டிக்கொண்டாள். வெள்ளைச் சேலையில் பத்து விரலும் பதிந்தன.

"என்ன அண்ணி, ஜெயிச்சாச்சா?"

"சேலையைப் பாழாக்கிட்டே. விடு, விடு. ஜெயிச்சாச்சு."

அறிக்கை திருப்பி அனுப்பப்பட்டது. ஐந்து உறுப்பினர்களின் பயணச் செலவு நான்கு தவணைகளில் அவர்களுடைய மாதப்படியிலிருந்து பிடிக்கப்பட்டது. அச்சடித்த நீல அட்டைப் பிரதிகள் திரும்பப் பெறப்பட்டன. அளவையாளர் அம்மாவிடமிருந்து நூலகம் இருபது பிரதிகளை விலைக்கு வாங்கியது. தேதி அழிந்த டிக்கெட்டுக்குப் பதிலாகக் கையெழுத்திட்ட உறுதிமொழி போதும் என்று விதிப்புத்தகத்தில் இருந்ததைக் கமா தேடி எடுத்தாள். ஓட்டுநரின் படிவம் செவ்வாய்க்கிழமை ஏற்கப்பட்டது.

கமா மீதான விசாரணை ஒன்பது நாள் நடந்தது. ‘கவனக்குறைவு’ என்று அவளுடைய பணிப்பதிவேட்டில் ஒரு வரி எழுதப்பட்டது. உதவித் தணிக்கையாளர் பதவிக்கு வரிப் பிரிவிலிருந்து ஒருவர் நியமிக்கப்பட்டு, ஏப்ரல் முதல் தேதி பொறுப்பேற்றார். அடுத்த பட்டியல் மூன்று வருடம் கழித்து.